மூச்சு விட்டபடி

ஜூலை 7, திங்கள்

தாவரவியல் துறை மறுபடியும் ஒற்றெழுத்தை விழுங்கிவிட்டது. "விதை பந்து தயாரிப்பு பயிற்சி" என்று பச்சை மையில் எழுதி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார்கள். பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் ப் போட்டேன். கீழிருந்து வந்த முதலாண்டுப் பிள்ளைகள் என்னைத் தாண்டி மேலே போனார்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "ஒற்று மிஸ் நிக்காங்க, சத்தம் போடாம வா."

இந்தக் கல்லூரியில் தமிழ் கற்பிக்க வந்த மூன்று வருடமாக எனக்கு அதுதான் பெயர். ஒற்று என்றால் வேவு என்றும் பொருள் உண்டு என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. யாரையும் வேவு பார்க்கிற ஆள் இல்லை நான். என்னை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும்.

திருத்திய பிறகும் நின்று, கீழே சிறிய எழுத்தில் இருந்த நேரம், இடம், தொடர்பு எண் எல்லாவற்றையும் படித்தேன். படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு எதுவும் படிப்புதான். தமிழ்த்துறை மூன்றாம் மாடியில். முதல் மணி அடிக்க நேரம் இருந்தது.

மாலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. சனிக்கிழமை மதுரைக்குப் போக வேண்டும் என்று அம்மா நினைவுபடுத்தினாள். லீவுக்கு என்ன காரணம் எழுத என்று கேட்டேன்.

"வீசிங்குன்னு எழுது. எப்பவும் எழுதுததுதான."


ஜூலை 12, சனி

வருடம் ஒருமுறை மதுரை. கோவில் இல்லை, ஆஸ்பத்திரி.

இதை நான் எழுதியதே இல்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. பிறக்கும்போதே என் இதயம் கோளாறோடு வந்தது. அழுதால் உதடும் நகமும் நீலமாகிவிடுமாம். நாலு வயதில் நெஞ்சைத் திறந்து சரி செய்தார்கள். அப்போது வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குப் போகும் வழியை அகலப்படுத்த வேண்டியிருந்ததால், அங்கே இருந்த வால்வு மூடாமல் போய்விட்டது. மேலே தள்ளுகிற ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பக் கீழே விழுகிறது. அதையும் சேர்த்து அந்த அறை மறுபடி தள்ளுகிறது. இப்படித் தள்ளித் தள்ளி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் வீங்குகிறது.

ஊருக்கு நான் வீசிங் உள்ள பிள்ளை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு அம்மா என் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிவிட்டுச் சொன்னாள்: "நெஞ்ச அறுத்த கதைய யார்ட்டயும் மூச்சு விடாத, கேட்டியா." விட்டதில்லை. என் ரவிக்கைகள் எல்லாம் காலர் வைத்தவை. அது என் ரசனை என்று சக ஆசிரியைகள் நினைக்கிறார்கள்.

டாக்டர் நிலோஃபரே எக்கோ பார்த்தார். குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தித் திருப்பித் திருப்பித் தேடினார்.

"இடது பக்கம் நல்லா போஸ் குடுக்குது. வலதுதான் கூச்ச சுபாவம். நெஞ்செலும்புக்குப் பின்னால ஒதுங்கி நிக்குது பாருங்க."

"தெரியலையா டாக்டர்?" என்றாள் அம்மா.

"தெரியுதும்மா, முழுசாத் தெரியல. இடது அறை உருண்டை, அளக்கச் சுலபம். வலது அறை பிறை மாதிரி, இடது மேல சாஞ்சுக்கிட்டு இருக்கும். ஒரு பக்கம் பாத்தா இன்னொரு பக்கம் தப்பிடும். வால்வு ஓரம் எவ்வளவு தூரம் எறங்கி ஏறுதுன்னு அளந்து ஒரு ஜாடை சொல்லலாம். முழுக் கணக்குக்கு எம்.ஆர்.ஐ.தான்."

எலும்புக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிற அந்த அறையை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு ஒரு தாளில் கோடு ஒன்று இழுத்துக் காட்டினார். அறையின் கொள்ளளவு இந்தக் கோட்டைத் தாண்டினால் புது வால்வு வைத்துவிட வேண்டும். அதாவது அதே தழும்பில் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். தாண்டாவிட்டால் காத்திருக்கலாம். புது வால்வும் தேயக்கூடியதுதான், அவசரப்பட்டு வைப்பதும் நல்லதில்லை.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். காலேஜ்ல தெனமும் மூணு மாடி ஏறி எறங்குதா," என்றாள் அம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆமாம், இல்லை இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி தலையாட்ட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.


ஜூலை 13, ஞாயிறு

மாவு ஆட்டினேன். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ அம்மா விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.


ஜூலை 26, சனி

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று.

டெக்னீஷியன் பெயர் ஞானதுரை. வாய் ஓயாத மனிதர். "கம்மல், கொலுசு, ஹேர்பின் எல்லாம் கழட்டியாச்சா மேடம்? போன வாரம் ஒரு அக்கா முந்தானையில ஊக்கோட வந்துட்டாங்க, நல்லவேளை வாசல்லயே கண்டுபிடிச்சேன்." நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே விளக்கினார். இதயத்தை நுனியிலிருந்து மேல்நோக்கி, ரொட்டியை வெட்டுவது போலத் துண்டு துண்டாகப் படமெடுப்பார்களாம். பிறகு எல்லாத் துண்டையும் அடுக்கி, அறையில் எவ்வளவு ரத்தம் பிடிக்கிறது, ஒரு துடிப்பில் எவ்வளவு வெளியே போகிறது என்று கணக்கிடுவார்களாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மூச்சு.

"எல்லாத் துண்டுக்கும் மூச்சு ஒரே எடத்துல நிக்கணும் மேடம். அது மட்டும் பாத்துக்கங்க."

குழாய்க்குள் போனதும் காதில் மாட்டிய ஹெட்போனில் பதிவு செய்த பெண் குரல், வானொலிச் செய்தி வாசிப்பது போல வந்தது. "மூச்சை இழுங்கள். விடுங்கள். பிடியுங்கள்." உடனே டமடமவென்று சத்தம். "மூச்சு விடலாம்." கொஞ்சம் இடைவெளி. மறுபடி இழுங்கள், விடுங்கள், பிடியுங்கள்.

முதலில் சொன்னபடியே செய்தேன். பிற்பாதியில் "பிடியுங்கள்" என்ற சொல்லுக்குக் கொஞ்சம் தாராளமாகப் பொருள் கொண்டேன்.

திரும்பும்போது கோவில்பட்டியில் பேருந்து நின்றது. அம்மா கடலைமிட்டாய் வாங்கினாள்.


ஜூலை 27, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் அந்த வரிசையே சரியில்லை. விடுங்கள் என்கிறார்கள். விட்டாயிற்று, கையில் ஒன்றுமில்லை. அடுத்து பிடியுங்கள் என்றால் எதைப் பிடிப்பது? இருப்பதைத்தானே பிடிக்க முடியும்? தமிழ் காதில் விழுகிற எவருக்கும் அந்த இடத்தில் ஒரு மிடறு காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அதைப் பிடிக்கத்தான் தோன்றும். மொழியின் குற்றம் இது. மாணவிகளுக்கு இலக்கண வகுப்பில் உதாரணமாகச் சொல்லலாம்.

சொல்லமாட்டேன். எங்கே கேட்டீர்கள் மிஸ் என்பார்கள்.


ஆகஸ்ட் 2, சனி

கோட்டுக்கு இந்தப் பக்கம்!

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தபோது அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது. "சில படங்கள் வரிசை பிசகியிருக்குன்னு எழுதிருக்காங்க. இருந்தாலும் அளவு கோட்டுக்குள்ளதான் இருக்கு," என்றார் டாக்டர். "உங்களுக்கும் மூச்சு வாங்கலேங்கிறீங்க. அப்ப அடுத்த வருஷம் பார்ப்போம்." ரிப்போர்ட்டை மடிக்கப் போனவர் நிமிர்ந்தார். "வாங்கலதானே?"

"இல்ல டாக்டர்," என்றேன். இந்த முறை வாயைத் திறந்து சொன்னேன்.

வெளியே வந்ததும் அம்மா எனக்குப் பாதாம் பால் வாங்கித் தந்தாள். அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள், வெளியில் எதையும் வாங்கிக் குடிக்கமாட்டாள். இன்று அவளும் ஒரு டம்ளர் குடித்தாள். பேருந்தில், "இனி யோசிக்காம மாப்பிள்ள பாக்கலாம்," என்றாள். சாத்தூர் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஜன்னல் வழியே எல்லா ஊர்ப் பெயர்ப்பலகைகளையும் படித்துக்கொண்டே வந்தேன்.


ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று பலகையில் அறிவிப்பு எதுவும் இல்லை. பலகையையே படித்தேன்.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

இரண்டாமாண்டுக்குக் குறிஞ்சித் திணை. அருவி, சாரல், மூங்கில், வேங்கைப் பூ எல்லாம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனேன். முதல் பெஞ்சில் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், நீங்க மலை ஏறிருக்கீங்களா?"

"நெறையப் படிச்சிருக்கேன்," என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மதியம் ஸ்டெல்லா வந்தாள். தாவரவியல் விரிவுரையாளர். பச்சை மைப் பேனாவும் ஒற்றுப் பிழைகளும் அவளுடையவைதான். என் வயதுதான், ஆனால் நடையில் பத்து வயது குறைவு. பிப்ரவரியில் பிள்ளைகளைப் பாபநாசம் மலைக்குக் கூட்டிப்போகிறாள். வருடா வருடம் என்னையும் கூப்பிடுவாள்.

"இந்த வருசமாச்சும் வாயேன்ளா. பூவ நான் காட்டுதேன், பாட்ட நீ சொல்லு."

"பேப்பர் திருத்தணும் ஸ்டெல்லா."

"பிப்ரவரில என்ன பேப்பர்?"

மேஜையில் இருந்த நோட்டுகளை அடுக்கினேன். அவள் வற்புறுத்தவில்லை. வழக்கமாக வற்புறுத்துகிற ஆள்.


ஆகஸ்ட் 28, வியாழன்

நூலகத்திலிருந்து ஒரு மாணவி எடுத்துப் படித்து முடித்த நாவலைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் தந்தாள். புரட்டிப் பார்த்தேன். 96ஆம் பக்கத்துக்கு அடுத்தது 113. பைண்டிங்கில் ஒரு பாரம், அதாவது பதினாறு பக்க மடிப்பு ஒன்றே விடுபட்டிருக்கிறது.

"கதை புரிஞ்சுதா?" என்றேன்.

"நல்லாப் புரிஞ்சுது மிஸ். சூப்பர் கதை."

பார்த்தால், 96ஆம் பக்கத்தின் கடைசி வரி "அவள் கதவைத் திறந்தபோது" என்று முடிகிறது. 113 "வெளியே மழை விட்டிருந்தது" என்று தொடங்குகிறது. தற்செயலாகப் பொருந்திப்போய்விட்டது. பதினாறு பக்கம் காணாமல் போனதே தெரியாமல் ஒருத்தி கதையைப் படித்து, ரசித்தும் இருக்கிறாள்.

அந்தப் பதினாறு பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று இரவு வரை யோசித்துக்கொண்டிருந்தேன். நாவலைப் பற்றித்தான்.


செப்டம்பர் 3, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். அழகுபடுத்தப் போவதில்லை.

காலை. இரண்டாம் மாடித் திருப்பம். புது அறிவிப்பு: "காளான் வளர்ப்பு பயிற்சி. அனைத்து துறை மாணவியருக்கு சான்றிதழ் வழங்கப்படும்." மூன்று பிழை. முதல் ப் போட்டேன். இரண்டாவது போடுவதற்குள் பென்சில் விரலிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. குனிந்து எடுக்க முடியவில்லை. பலகையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டெல்லா கீழிருந்து வந்தாள். பென்சிலை எடுத்தாள். தரவில்லை.

"உக்காரு," என்றாள்.

"இல்ல, இன்னும் ரெண்டு ஒற்று..."

"ஒற்று எங்கயும் ஓடிராது. உக்காருளா."

படியில் உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகளை, "அந்தப் பக்கப் படில போங்க," என்று விரட்டினாள். என் மூச்சு சீராகிறவரை பென்சிலை விரல்களில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"எங்கப்பா என்ன வேல பாத்தாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது."

"நாசரேத்துல தமிழ் வாத்தியார். வீட்டுல பால் கணக்கு எழுதுனாகூட ஒற்று விடக்கூடாது. விட்டா முட்டிலயே ஒண்ணு விழும். எனக்கு 'வளர்ப்புப் பயிற்சி'ல ப் வரும்னு தெரியாதா?"

அவளையே பார்த்தேன்.

"நீ வந்த புதுசுல இந்த இடத்துல வெறும் போர்டப் பாத்துக்கிட்டு நிப்ப. பிள்ளைங்க ஒருமாரி பாத்துட்டுப் போகும். ஒருநா அவசரத்துல நெசமாவே ஒரு தப்பு விட்டுட்டேன். நீ பென்சில எடுத்துத் திருத்தின. அதுக்குள்ள மூச்சும் சீராயிட்டு, மொகமும் தெளிஞ்சிட்டு. சரி, இந்தப் பிள்ளைக்கு நிக்கதுக்கு ஒரு காரணம் வேணும் போலன்னு நெனச்சேன். அன்னைலேருந்து எழுதி முடிச்சப்பறம் தேடித் தேடி ஒற்ற எடுக்கது எனக்கு ஒரு வேல."

சிரிக்க வேண்டும் போல இருந்தது. முடியவில்லை.

"மொதல்ல எல்லாம் ஒரு தப்பு போதும்," என்றாள் ஸ்டெல்லா. குரல் இறங்கியிருந்தது. "போன வருசம் ரெண்டு. இப்ப மூணு விட வேண்டியிருக்குளா. இது வீசிங் இல்லைல்லா?"

காலர் பொத்தானை ஒன்று கழற்றித் தழும்பின் நுனியைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்க்குள் பிற்பாதியில் ஒவ்வொரு தடவையும் மூச்சை விட்டுவிட்டுத் தாங்க முடியாமல் ஒரு மிடறு திருடியதையும் சொன்னேன். அது மொழியின் குற்றம் இல்லை. முதல் பாதியில் எனக்கு அந்த வாக்கியம் நன்றாகவே புரிந்திருந்தது.

மூன்று வருடமாக எக்கோவும் எம்.ஆர்.ஐ.யும் பார்க்காததை, பச்சை மையில் ஒருத்தி அளந்து வந்திருக்கிறாள்.


செப்டம்பர் 6, சனி

அம்மாவிடம் சொல்லாமல் தனியாக மதுரைக்குப் போனேன்.

டாக்டர் நிலோஃபரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் என்று பேருந்திலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் முன்னால் உட்கார்ந்ததும் ஒத்திகை எல்லாம் போய், "ரெண்டாவது மாடியில நின்னுட்டுத்தான் மூணாவது ஏறுறேன் டாக்டர். மூணு வருஷமா," என்று ஆரம்பித்துவிட்டேன். ஸ்கேனில் செய்ததையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கணினியில் என் படங்களைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார்.

"மூச்சு உள்ள போனா இதயம் கொஞ்சம் கீழ எறங்கிடும். பாதித் துண்டை ஒரு எடத்துல வச்சு எடுத்தோம், மீதிய எறங்கின எடத்துல எடுத்திருக்கோம். நடுவுல ஒரு துண்டு விட்டுப்போச்சு. இதோ, இங்கயிருந்து இங்க தாவுது பாருங்க."

97இலிருந்து 112 வரை, என்று நினைத்துக்கொண்டேன்.

"வரிசை பிசகுதுன்னு ரிப்போர்ட்லயே இருந்துச்சு. மூச்சு வாங்கலேன்னு நீங்க சொன்னதை நம்பி நான் விட்டுட்டேன். மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கணும், அது என் தப்பு." பேனாவை மூடினார். "நல்லா இருக்குன்னு சொன்ன ரிசல்ட்டை, தப்பா இருக்கும்னு திரும்பிவந்து சொன்ன மொத ஆள் நீங்கதான். வர்ற சனிக்கிழமை மறுபடி எடுப்போம்."

வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். மூச்சு விட்டுவிட்டேன் அம்மா. யாரிடமும் விடாதே என்றாய். ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் விட்டுவிட்டேன்.


செப்டம்பர் 7, ஞாயிறு

நேற்று இரவு அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். இன்று அவள் என்னிடம் பேசவில்லை. பால் குக்கரிடம் பேசினாள். "நல்லாருக்குன்னு சொன்னாங்க. சும்மா இருக்கக்கூடாதா? பஸ் ஏறிப் போயி அதக் கெட்டதாக்கிட்டு வந்திருக்கா." பால் குக்கர் விசிலடித்துப் பதில் சொன்னது.


செப்டம்பர் 13, சனி

ஸ்டெல்லா என்னோடு வந்தாள். அம்மா வரவில்லை. ஆனால் கிளம்பும்போது தலைக்கு எண்ணெய் வைத்து, ஹேர்பின் இல்லாமல் ரப்பர் போட்டு இறுக்கிப் பின்னிவிட்டாள். பேசாமலே.

ஞானதுரையிடம் முதலிலேயே சொன்னேன், பிடியுங்கள் என்றால் எனக்குக் காற்றைப் பிடிக்கத் தோன்றுகிறது என்று.

"அடடே! அதான் பாதிப் பேரு கடைசில ஒரு மடக்குக் குடிக்கிறாங்களா? நான் பயத்துல செய்றாங்கன்னுல்ல நெனச்சேன். அப்ப என்ன சொல்லலாம் மேடம்? 'நிறுத்துங்க'?"

"பஸ்ஸை நிறுத்துற மாதிரி இருக்கு," என்றாள் ஸ்டெல்லா.

"'அடக்குங்க'?"

"அடக்கம் பண்ற மாதிரி இருக்கு."

"யக்கா, ஆஸ்பத்திரில வச்சு என்ன பேச்சுக்கா இது," என்று ஞானதுரை பதறியதில் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். மேஜை மேல் படுத்தபடியே யோசித்தேன். இல்லாத ஒன்றைப் பிடிக்கச் சொல்லக்கூடாது. விட்ட நிலையிலேயே இருக்கச் சொல்ல வேண்டும்.

"'விட்டபடியே இருங்க'ன்னு சொல்லிப் பாருங்க."

அவர் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பதிவுக் குரலை அணைத்துவிட்டு மைக்கில் அவரே பேசினார். "இழுங்க மேடம். விடுங்க. முழுசா. ம்... விட்டபடியே இருங்க."

காற்றில்லாத நெஞ்சோடு இருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி நொடியில் தொண்டை காற்றுக்குத் துடித்தது. கண்ணை மூடிக்கொண்டு காளான் அறிவிப்பில் மிச்சமிருந்த இரண்டு பிழைகளைத் திருத்தினேன். அனைத்துத் துறை. மாணவியருக்குச் சான்றிதழ். "மூச்சு விடலாம் மேடம், சூப்பர்." ஒன்றைக்கூடத் திருடவில்லை. நடுவில் களைத்தபோது அவரே புரிந்துகொண்டு அதிக நேரம் ஓய்வு கொடுத்தார்.

எலும்புக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற அறை இன்று நுனி முதல் தலை வரை முகம் காட்டியிருக்கும்.


செப்டம்பர் 20, சனி

தாண்டிவிட்டது. கொஞ்சமாக இல்லை.

அம்மா வந்திருந்தாள். டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இவ சொல்லாமயே இருந்திருந்தா டாக்டர்?"

"அடுத்த வருஷம் இன்னும் பெருசாயிருக்கும்மா. ஒரு அளவுக்கு மேல போயிட்டா, வால்வு மாத்தினாலும் பழைய நிலைக்கு வராது. இப்ப தள்ளுற வலு இன்னும் நல்லா இருக்கு. இப்ப மாத்தினா சுருங்கி வரும். அந்த நேரத்துலதான் வந்திருக்கீங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பும் பேருந்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நாடி பார்க்கிறவள் மாதிரி. விருதுநகர் வந்ததும் சொன்னாள்: "ஒங்கிட்ட கேக்காம நாந்தான எப்பவும் பதில் சொன்னேன்." என்னிடம் பேசினாள், ஜன்னலிடம் இல்லை.

அக்டோபரில் ஆபரேஷன். பயமாக இருக்கிறது. இதையும் எழுதிவிட்டேன்.


அக்டோபர் 14, செவ்வாய்

வார்டு. மருந்து வாசனையும் பக்கத்துக் கட்டிலில் உரித்த ஆரஞ்சு வாசனையும்.

அந்தக் கட்டில் பாட்டிக்குத் துணையிருக்கும் பெண், பேரையூர்க்காரர், அம்மாவிடம் கேட்டார்: "மகளுக்கு என்னக்கா?"

வீசிங் என்பாள் என்று புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பொறக்கும்போதே இருதயத்துல கோளாறு," என்றாள் அம்மா. பிறகு நிறுத்தவே இல்லை. நாலு வயதில் நான் நீலமாகிக் கிடந்தது, ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது என் நகம் ரோஜா நிறமாக இருந்ததைப் பார்த்து அவள் அழுதது, எல்லாம் வந்தது. நகம் சிவந்த கதை எனக்கே தெரியாது. சாயங்காலத்துக்குள் டீ கொண்டுவருகிற அக்காவுக்கும், தரை துடைக்க வந்தவருக்கும், மூன்றாவது கட்டிலைப் பார்க்க வந்த சாருக்கும் என் வலது கீழறையின் கொள்ளளவு தெரிந்துவிட்டது.

"நல்லதுன்னு வந்தத நம்பாம, இவளே போயி மறுபடி பாருங்கன்னு சொன்னாக்கும்," என்று முடித்தாள். பெருமையாக.

"மெதுவாம்மா," என்றேன்.

"என்ன மெதுவா? என்ன திருட்டா பண்ணிட்டோம்?"


அக்டோபர் 15, புதன்

நாளை காலை. புத்தகத்தில் பக்கம் மடித்து வைக்கவில்லை. எந்த இடம் என்று நினைவிருக்கும்.


அக்டோபர் 27, திங்கள்

எழுத்து கோணல். மூன்று பந்து இருக்கிற பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுக்கச் சொல்கிறார்கள். ஒரு பந்து எழும்பியது. அம்மா கைதட்டினாள். நகத்தைப் பார்த்தேன். ரோஜா நிறம்தான்.


ஜனவரி 31, சனி

மூன்று மாதம் இந்த நோட்டைத் தொடவில்லை. படித்தேன், தூங்கினேன், தெருமுனைவரை நடந்தேன், பிறகு அடுத்த தெருமுனைவரை. ஒரு வாரமாகக் கல்லூரிக்குப் போகிறேன். முதல்வர் தரைத்தளத்திலேயே வகுப்பு ஒதுக்கியிருந்தார்.

இன்று எக்கோ. "சுருங்க ஆரம்பிச்சிருச்சு," என்றார் டாக்டர் நிலோஃபர். "முழுக் கணக்கை ஜூலைல எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம். ஆனா ஜாடை நல்ல ஜாடை." அம்மா என்னைப் பார்த்தாள். பதில் சொல்லும் வேலை இப்போது என்னுடையது.

"படி ஏறலாமா டாக்டர்?"

"ஏறிப் பாத்துட்டு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

வராந்தாவில் ஞானதுரை ஓடிவந்தார். "மேடம், ஒங்க வசனத்தையே பதிவு பண்ணிட்டோம். 'விட்டபடியே இருங்கள்.' இப்பல்லாம் யாரும் மடக்குக் குடிக்கிறதில்ல."


பிப்ரவரி 2, திங்கள்

மூன்றாம் மாடியில் தமிழ்த்துறைக் கதவில் கை வைத்தபோதுதான் உறைத்தது: இன்று பலகையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் மாடித் திருப்பத்தை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை. மதிய வகுப்புக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

திரும்ப இறங்கிப் போனேன்.

பச்சை மை. "பாபநாசம் மலைப்பகுதித் தாவரக் களப்பயணம். முதலாண்டு மாணவியர் தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் எடுத்துக்கொள்ளவும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் மெதுவாக நடக்க வேண்டியிருக்கும். பெயர் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. உடன் வருவோர்: ஸ்டெல்லா, தாவரவியல் துறை. முத்துவடிவு, தமிழ்த்துறை."

பென்சிலை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். மலைப்பகுதித் தாவரக் களப்பயணம், த் இருக்கிறது, க் இருக்கிறது. தண்ணீர்ப் புட்டி, ப் இருக்கிறது. கொடுக்கக் கடைசி. தமிழ்த்துறையின் த் மற்ற எழுத்துகளைவிட அழுத்தமாக, இரண்டு முறை எழுதியது போல இருந்தது. என்னைக் கேட்காமல் என் பெயரைப் போட்டிருக்கிறாள்.

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. ஜூலையில் என்னைக் கண்டு சத்தம் போடாதே என்றவளும் அவள் தோழியும். பென்சிலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"என்ன தப்பு மிஸ்?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

மூன்று வருடத்தில் முதல்முறையாக அது உண்மை. பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர்களோடு பேசிக்கொண்டே மறுபடி மேலே ஏறினேன்.